300 வாட் ஆம்ப் வாங்கச் சொல்றாங்க, வாங்கலாமா?

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை நீக்கி, கணக்குகளை வாசிக்க வசதியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

ஒரு நேயர் அனுப்பிய வாய்ஸ் நோட்டிலிருந்து இன்றைக்கு ஆரம்பிக்கலாம். அவர் வெஸ்டர்ன் கிளாசிக்கல் கேட்பவர். ரெண்டு வருஷம் பணம் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். படம் பார்க்க ஏற்கெனவே வைத்திருந்த 100 வாட் ஏவி ரிசீவரில்தான் மாட்டியிருக்கிறார். சோலோ பியானோ, ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எல்லாம் அருமையா இருக்காம். ஆனா முழு ஆர்க்கெஸ்ட்ரா உச்சத்துக்குப் போகும்போது, "எல்லாம் ஒண்ணா சேர்ந்து கத்துற மாதிரி இருக்கு, எந்த வாத்தியம் எங்க இருக்குன்னே தெரியல" என்கிறார். கடையில் கேட்டதுக்கு, 300 வாட் ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆம்பின் விலை, அவர் ஸ்பீக்கருக்குக் கொடுத்ததைவிட அதிகம். வாங்கலாமா, வேண்டாமா?

இதுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கடைக்காரர் சொன்ன அந்த "300 வாட்" என்கிற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதை இப்பவே சொல்லிடுறேன். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பொருத்துவதில் வாட்டுக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். முதல் இரண்டு இடம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிக்கும் இம்பீடன்ஸுக்கும். பயப்படாதீங்க, ரெண்டையும் பிளஸ் டூ இயற்பியலைத் தாண்டாமல் சொல்லிடலாம்.

கிளாசிக்கலுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?

ரவேலின் பொலேரோ தெரியுமா? 1928-இல் பாரிஸில் முதன்முதலாக அரங்கேறியது. கிட்டத்தட்ட கால் மணி நேரம். ஆரம்பத்தில் ஒரு ஸ்நேர் டிரம் ரகசியம் பேசுற மாதிரி ஒரு தாளத்தைத் தட்டும். அதன்மேல் தனியாக ஒரு புல்லாங்குழல். அப்புறம் கிளாரினெட். அதே மெட்டு, அதே தாளம், வாத்தியங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து சேரும். கடைசி நிமிஷத்தில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் டிராம்போனும் பெரிய கோங்குமாக இடிந்து விழுகிற மாதிரி முடியும்.

வீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்துப் புல்லாங்குழல் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கையே வைக்காதீர்கள். 14-வது நிமிஷத்தில் உங்கள் சிஸ்டம் என்ன செய்கிறது, பக்கத்து ஃபிளாட்காரர் என்ன செய்கிறார், ரெண்டும் தெரிஞ்சிடும்.

இப்போது வருகிற சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலும் இப்படி நடக்காது. மாஸ்டரிங்கின்போதே சின்னச் சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை அமுக்கி வைத்துவிடுவார்கள். சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி பல பாட்டுகளில் 10 டெசிபெல்கூட இருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா ஒலிப்பதிவில் அது 20 டெசிபெல்லோ அதற்கு மேலோ இருக்கும்.

இந்த டெசிபெல் கணக்கில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். ஆம்ப் கொடுக்கும் பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் கூடுதல்" என்று தெரியும், அவ்வளவுதான். 10 டெசிபெல் கூட வேண்டும் என்றால் பத்து மடங்கு பவர் வேண்டும். 20 டெசிபெல்லுக்கு நூறு மடங்கு. அதாவது அமைதியான பகுதியில் ஒரு வாட் போதும் என்றால், அடுத்த நொடியில் வருகிற உச்சத்துக்கு 100 வாட் தேவை. அதுவும் கேட்ட கணத்திலேயே கிடைக்க வேண்டும்.

நம்ம ஊர் கச்சேரிப் பதிவுகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். பாட்டும் தம்புராவும் ஆம்பை அதிகம் வேலை வாங்காது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் ஒரு குட்டி உச்சம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் அடி கூர்மையில்லாமல் "தொப்பு தொப்பு" என்று கேட்டால், பதிவிலேயே கோளாறா, அல்லது ஆம்ப் மூச்சு வாங்குகிறதா என்று சந்தேகப்படலாம். இருந்தாலும் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா கேட்கிற அளவுக்குக் கச்சேரி கேட்காது. அதனால் இன்றைக்கு ஆர்க்கெஸ்ட்ராவையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

முதல் எண்: சென்சிட்டிவிட்டி

ஸ்பீக்கரின் ஸ்பெக் ஷீட்டில் 87 டெசிபெல், 90 டெசிபெல் என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அது. நாம் ஒரு மீட்டரில் உட்காருவதில்லை. சோஃபா மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தூரத்தால் 9 டெசிபெல்லுக்கு மேல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மொத்தத்தில் ஏறக்குறைய 5 டெசிபெல் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அறைக்கு அறை மாறும், ஆனால் கணக்குப் போட இது போதும்.

சோஃபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு உச்சத்தில் 100 டெசிபெல் வேண்டும் என்று இலக்கு வைப்போம். நல்ல ஹாலில் நல்ல இருக்கையில் உட்கார்ந்தால் ஆர்க்கெஸ்ட்ராவின் உச்சம் அந்தப் பக்கம்தான் இருக்கும். இப்போது மூன்று நிஜமான ஸ்பீக்கர்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கிளிப்ஷ்ஹார்ன். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்கிற ஊரில் பால் கிளிப்ஷ் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறை மூலையில் ஒட்டி வைக்க வேண்டும்; அந்த இரண்டு சுவர்களும் ஹார்னின் நீட்சியாக வேலை செய்யும். சென்சிட்டிவிட்டி சுமார் 105 டெசிபெல். நம் இலக்குக்கு இதற்குத் தேவை, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வாட்! எழுத்துப்பிழை இல்லை, ஒரு வாட்தான்.

இரண்டாவது, பௌவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 801 டி4. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பல தலைமுறையாக இருக்கிற 801 வரிசையின் புதிய வாரிசு. 90 டெசிபெல். அதே இலக்குக்கு 32 வாட் வேண்டும்.

மூன்றாவது, எல்எஸ்3/5ஏ. 1970-களில் பிபிசி தன் பொறியாளர்களை வைத்தே வடிவமைத்த குட்டி ஸ்பீக்கர். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்து மானிட்டர் செய்வதற்காக உருவானது. சென்சிட்டிவிட்டி சுமார் 83 டெசிபெல். இதற்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 160 வாட் வருகிறது. "சரி, 200 வாட் ஆம்ப் வாங்கிடலாம்"னு கிளம்பாதீங்க! அந்த ஸ்பீக்கர் தாங்குவதே சுமார் 25 வாட். அதைக் கொடுத்தால் சோஃபாவில் 92 டெசிபெல் கிடைக்கும். அதற்கு மேல் எந்த ஆம்ப் வந்தாலும் முடியாது. மனிதக் குரலை அதில் கேட்டால் இன்றைக்கும் சொக்கிப் போவீர்கள். பொலேரோவின் கடைசி நிமிஷத்தை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து அதில் கேட்க நினைப்பது அதன்மீது செய்கிற அநியாயம். பக்கத்தில் உட்கார்ந்து, மிதமான சத்தத்தில் கேட்பதற்கான பெட்டி அது.

இங்கே ஸ்பெக் ஷீட்டில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கு. பல கம்பெனிகள் "ஒரு வாட்" என்று போடாமல் "2.83 வோல்ட்" என்று போடுவார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடும். அதனால் 90 டெசிபெல் என்று போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கர், வாட் கணக்கில் பார்த்தால் 87 டெசிபெல்தான். பொய் சொல்லவில்லை, சொல்கிற விதத்தில் சொல்கிறார்கள்.

(பிஎம்பிஓ ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் டப்பாவில் "1000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு பெருசா அச்சடிச்சிருப்பாங்களே. உள்ளே திறந்து பார்த்தால் சில வாட் சிப் ஒன்று இருக்கும். ஹை-எண்ட் உலகம் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் ஏவி ரிசீவர் விளம்பரங்களைக் கொஞ்சம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கணும். ஏழு சேனலுக்கும் சேர்த்து ஒரே பவர் சப்ளை, ஆனால் வாட் கணக்கை மட்டும் ஒரு சேனலையோ இரண்டு சேனலையோ ஓட்டி அளந்திருப்பார்கள்.)

இரண்டாவது எண்: இம்பீடன்ஸ்

நம் நேயரின் ஸ்பீக்கருக்குப் பின்னால் "8 ஓம்" என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே நம்பக் கூடாது. இம்பீடன்ஸ் என்பது ஒரே எண் அல்ல. ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்குகிற ஒரு மலைத்தொடர். ஒரு இடத்தில் 20 ஓம் இருக்கும், இன்னொரு இடத்தில் 3 ஓமுக்கு இறங்கும். கம்பெனிகள் ஒரு சௌகரியமான எண்ணை எடுத்து "நாமினல்" என்று எழுதிவிடுகின்றன. மேலே சொன்ன 801 டி4-ஐயே பாருங்கள். நாமினல் 8 ஓம், ஆனால் குறைந்தபட்சம் 3 ஓம் என்று கம்பெனியே பக்கத்தில் போட்டிருக்கிறது. அது நேர்மை. நிறையப் பேர் போடுவதே இல்லை.

அந்தப் பள்ளம் ஏன் முக்கியம்? ஓம் விதி. ஆம்ப் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓமில் அது 2.5 ஆம்பியர் கரண்ட், 50 வாட். அதே 20 வோல்ட் 2 ஓம் பள்ளத்தில் 10 ஆம்பியர் கேட்கும், 200 வாட். வால்யூமை யாரும் தொடவில்லை, ஆனால் ஆம்பின் சுமை நாலு மடங்கு ஆகிவிட்டது. அந்தப் பள்ளம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது என்றால், செல்லோ, டபுள் பேஸ், டிம்பனி எல்லாம் சேர்ந்து வாசிக்கிற இடத்தில்தான் ஆம்புக்கு மூச்சு முட்டும். இதற்குமேல் ஃபேஸ் ஆங்கிள் என்று ஒன்று இருக்கிறது. வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காமல் முன்னே பின்னே ஆவது. பள்ளமும் ஃபேஸும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்தால், ஆம்பின் டிரான்சிஸ்டர்கள் கூடுதலாகச் சூடாகும்.

இதில் உச்சபட்ச உதாரணம் அபோஜி சிண்டில்லா. 1980-களில் வந்த அமெரிக்க ரிப்பன் ஸ்பீக்கர். அதை 1 ஓமிலும் இணைக்கலாம். ஆமாம், ஒரு ஓம். 20 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர். எத்தனையோ ஆம்ப்கள் அதன் முன்னால் கையைத் தூக்கின. கிரெல் மாதிரியான கம்பெனிகளின் கனமான ஆம்ப்கள் பெயர் வாங்கியதற்கு இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களை அசராமல் ஓட்டியதும் ஒரு காரணம்.

சரி, ஒரு ஆம்புக்குக் கரண்ட் கொடுக்கிற தெம்பு இருக்கிறதா என்று கடையில் எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்பெக்கில் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் என்ன வாட் என்று பாருங்கள். 100 வாட் 200 ஆனால் பவர் சப்ளை உறுதி. 100 வாட் 170 ஆனாலும் நல்லதுதான். 100 வாட் 120 மட்டும் ஆகிறது என்றால், அல்லது 4 ஓம் எண்ணே போடவில்லை என்றால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. எடையும் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கு நல்ல அறிகுறிதான். ஆனால் இப்போதைய கிளாஸ் டி ஆம்ப்களுக்கு அது செல்லாது. கையில் தூக்குகிற சைஸில் இருந்துகொண்டு 2 ஓமை ஓட்டுகிற ஆம்ப்கள் வந்துவிட்டன. என் கருத்தைக் கேட்டால், பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மலைத்தொடரைப் பார்க்க ஸ்டீரியோஃபைல் இதழின் ரிவ்யூக்களைத் தேடுங்கள். ரிவ்யூ எழுதுபவர் புகழ்ந்து தள்ளியிருப்பதை விட்டுவிட்டு நேராக அளவீட்டுப் பகுதிக்குப் போங்கள். அந்த வரைபடத்தில் 4 ஓமுக்குக் கீழே கோடு எவ்வளவு நேரம் உலாவுகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

நம் நேயரின் கேள்வி

அவர் அனுப்பிய விவரப்படி 2.83 வோல்ட்டுக்கு 87 டெசிபெல், பள்ளம் 3 ஓம் பக்கம். 100 டெசிபெல் உச்சத்துக்கு 18 டெசிபெல் ஏற்றம் வேண்டும், சுமார் 22.5 வோல்ட். 8 ஓம் கணக்கில் அது 63 வாட்தான். ஆக அவருடைய ரிசீவரின் 100 வாட், காகிதத்தில் தாராளம். ஆனால் அந்த 22.5 வோல்ட்டில் 3 ஓம் பள்ளம் 7.5 ஆம்பியர் கேட்கும். ரிசீவர் அங்கேதான் தடுமாறுகிறதோ என்று சந்தேகம் வருது. அப்படியானால் அவருக்குத் தேவை 4 ஓமில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிற ஒரு 80, 100 வாட் ஆம்ப். 100-லிருந்து 300-க்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபெல்கூட இல்லை.

"சந்தேகம் வருது"ன்னுதான் சொன்னேன். உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கு, செலவு சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். உங்கள் ஆம்ப் வால்வு ஆம்ப் என்றால் இதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பில் சிக்னல் கொடுத்தால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். டிரான்சிஸ்டர், கிளாஸ் டி, ரிசீவர் வைத்திருப்பவர்கள் மட்டும் கேளுங்கள்.

முதலில் பிளேயர் ஆப்பில் இருக்கிற வால்யூம் நார்மலைசேஷனை ஆஃப் செய்யுங்கள். ரிசீவரில் டைனமிக் வால்யூம் மாதிரி இருப்பதையெல்லாம் அணைத்து, டைரக்ட் மோடில் வையுங்கள். பொலேரோவின் கடைசிப் பகுதியைப் போட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கிற அதிகபட்ச வால்யூமை வையுங்கள். குமிழை இனித் தொடக் கூடாது. பாட்டை நிறுத்தி, ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்து, 100 ஹெர்ட்ஸ், மைனஸ் 12 டெசிபெல் அளவில் பதிவான டெஸ்ட் டோன் ஒன்றை அதே பிளேயரிலிருந்து ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் சிவப்பு, கறுப்பு முனைகளில் தொடுங்கள். இரண்டு கம்பி முனையும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷார்ட் ஆனால் ஆம்ப் காலி.

வருகிற எண்ணை நாலால் பெருக்குங்கள். 12 டெசிபெல் என்பது வோல்டேஜில் நாலு மடங்கு. 3 வோல்ட் காட்டினால், அந்தக் குமிழ் நிலையில் உங்கள் ஆம்பிடம் பதிவு கேட்கக்கூடிய உச்சம் 12 வோல்ட். 8 ஓமில் 18 வாட். 7 வோல்ட் காட்டினால் 28 வோல்ட். 100 வாட் ஆம்பின் எல்லையே அதுதான், நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள்.

நேயரிடம் இதைச் செய்யச் சொன்னேன். செய்து பார்த்து எண் அனுப்பினார்: 3.4 வோல்ட். அதாவது உச்சத்தில் 14 வோல்ட்டுக்குள். 3 ஓம் பள்ளத்திலும் 5 ஆம்பியரைத் தாண்டாது. நல்ல ரிசீவர் ஒன்று இரண்டு சேனலை மட்டும் ஓட்டும்போது இதைச் சமாளித்துவிடும். அப்படியென்றால் "எல்லாம் சேர்ந்து கத்துது" என்பதற்குக் காரணம் ஆம்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம்தான் அறையின் படம் அனுப்பச் சொன்னேன். விட்ரிஃபைட் டைல்ஸ் தரை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. எதிர்ச்சுவர் வெறும் பெயின்ட் அடித்த கான்கிரீட். நம் ஃபிளாட்களில் பாதி இப்படித்தான் இருக்கு. குவார்ட்டெட்டில் தெரியாது, நாலு வாத்தியம், இடைவெளி நிறைய. எழுபது எண்பது பேர் ஒன்றாக வாசிக்கும்போது, முதல் அடியின் எதிரொலி தேய்வதற்குள் அடுத்தது வந்து மேலே விழுகிறது. தரைக்கு ஒரு கனமான ஜமுக்காளம், கண்ணாடிக்கு மடிப்பு நிறைய உள்ள தடித்த திரை, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. 300 வாட் ஆம்புக்கு முன்னால் இந்த மூன்றையும் முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறேன். ரிசீவரை மாற்றவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்பரிடம் நல்ல ஸ்டீரியோ ஆம்ப் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கி மாட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

அதிகம் என்பதும் ஆபத்துதான்

"பவர் கூட இருந்தா என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்பவர்களுக்கு குவாட் இஎஸ்எல் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் 1957-இல் வெளியிட்ட எலெக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர். கூம்பு, காந்தம் எதுவும் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, உயர் வோல்டேஜில், இரண்டு துளைத்தகடுகளுக்கு நடுவே ஆடும். அறுபது வருஷத்துக்குமேல் ஆகியும் வயலினும் குரலும் அதில் கேட்பதற்காகவே பழைய ஜோடிகளைத் தேடிப் பழுது பார்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அது உருவான காலத்தில் அதற்குத் துணை, அதே கம்பெனியின் குவாட் 2 வால்வு ஆம்ப். 15 வாட். அந்த 15 வாட்டில் அந்த ஸ்பீக்கர் நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அது தாங்கும் உச்சம் சுமார் 33 வோல்ட். அதைத் தாண்டினால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மின்பொறி பறக்கும், பேனல் ஓட்டையாகும். 1975-இல் அதே கம்பெனி 405 என்ற 100 வாட் ஆம்பைக் கொண்டுவந்தபோது, அதன் உச்ச வோல்டேஜ் 40-ஐத் தொடும் என்பதால், பழைய இஎஸ்எல்-லோடு சேர்ப்பவர்களுக்காக வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் வசதியும் கொடுத்தது. சொந்தக் கம்பெனியின் ஆம்பே சொந்தக் கம்பெனியின் ஸ்பீக்கரை எரித்துவிடக் கூடாதே!

அந்த ஸ்பீக்கரின் இம்பீடன்ஸும் வினோதமானது. தாழ்ந்த சுருதியில் 30 ஓமுக்கு மேல், உச்ச சுருதியில் 2 ஓமுக்குக் கீழே. ஆம்ப் அதிக வாட் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மேல்பகுதியில் தடுமாறாமல் இருக்க வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்குபவர் இந்த ஸ்பீக்கரில் இரண்டு வகையிலும் தோற்றுப்போவார்.

வால்வு ஆம்பின் "வெதுவெதுப்பு"

வால்வு ஆம்ப் பற்றி யாராவது கேட்காமல் இந்த எபிசோடு முடியாது. 300பி வால்வு ஒன்றை வைத்துச் செய்கிற சிங்கிள் எண்டட் ஆம்ப் கொடுப்பது சுமார் 8 வாட். கிளிப்ஷ்ஹார்னுக்கு அது தாராளம். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஆர்க்கெஸ்ட்ரா உச்சத்தில் பத்தாது. இதுவரை எளிது.

எளிதில்லாதது அவுட்புட் இம்பீடன்ஸ். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அது கிட்டத்தட்ட சைபர். பல வால்வு ஆம்ப்களுக்கு 2 ஓம் வரைகூட இருக்கும். உங்கள் ஸ்பீக்கர் ஒரு சுருதியில் 3 ஓம், இன்னொன்றில் 20 ஓம் என்றால், 3 ஓம் இடத்தில் வோல்டேஜில் 60 சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், 20 ஓம் இடத்தில் 91 சதவீதம். வித்தியாசம் மூன்றரை டெசிபெல்லுக்கு மேல். ஈக்வலைசரில் யாரோ கை வைத்த மாதிரி. பலரும் புகழ்கிற "வெதுவெதுப்பான" ஒலியில் ஒரு பங்கு இதுதான். உங்கள் ஸ்பீக்கரில் அது செல்லோவை அழகாக்கலாம். நண்பர் வீட்டு ஸ்பீக்கரில் அதே ஆம்ப் ஓபோவை மூக்கடைத்த மாதிரி ஆக்கலாம். அதனால் "அந்த ஆம்ப் எப்படி இருக்கும்?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்த ஸ்பீக்கரோடு என்று சேர்த்துத்தான் கேட்கணும். இம்பீடன்ஸ் கோடு சமமாக ஓடுகிற ஸ்பீக்கர் என்றால் வால்வு ஆம்ப் தைரியமாக வாங்கலாம். ரொம்ப அழகான பொருள், இருட்டில் ஒளிர்வதற்காகவே வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒயர் பற்றிக் கேட்டு நிறைய மெசேஜ் வந்திருக்கு. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர். அடுத்த விஷயம்.

கடைசியாக, சத்தத்தின் மறுமுனை. பொலேரோவின் முதல் நிமிஷம். சென்சிட்டிவிட்டி அதிகமான ஸ்பீக்கர், ஆம்பின் சொந்த இரைச்சலையும் அதே ஆர்வத்தோடு பெரிதாக்கிக் காட்டும். 87 டெசிபெல் ஸ்பீக்கரில் தெரியாத "உஸ்ஸ்" கிளிப்ஷ்ஹார்னில் 18 டெசிபெல் கூடுதலாகக் கேட்கும். சோஃபாவரை வந்து சேரும். இன்னொன்று கெயின். இப்போதைய டாக் ஒன்று 2 வோல்ட் கொடுக்கிறது, ஆம்ப் அதை இருபது முப்பது மடங்காக்குகிறது என்றால், வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும். குமிழின் அந்த ஆரம்ப மூலையில் இடது வலது சேனல்கள் பல ஆம்ப்களில் சமமாக இருக்காது. முதல் வயலின்கள் இடதுபக்கம் இருக்க வேண்டியவை நடுவுக்கு நகர்ந்து வந்துவிடும். குமிழ் எப்போதும் எட்டு, ஒன்பது மணி நிலையிலேயே நிற்கிறது என்றால் உங்கள் ஆம்பில் கெயின் உங்களுக்குத் தேவையானதைவிட அதிகம். சில ஆம்ப்களில் பின்பக்கம் கெயின் சுவிட்ச் இருக்கும், குறைத்து வையுங்கள்.

கடைக்குப் போகும்போது பாட்டே போடாமல், வால்யூமை நீங்கள் வழக்கமாகக் கேட்கிற இடத்தில் வைத்து, காதை ட்வீட்டர் அருகே கொண்டுபோங்கள். அங்கே உஸ்ஸென்று கேட்பது பரவாயில்லை. மெதுவாகப் பின்னால் நடந்து, எத்தனை அடியில் அது மறைகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். சோஃபாவுக்குப் போவதற்கு முன்னாலேயே மறைந்துவிட்டால் சரி. அதற்குப் பிறகு ஸ்நேர் டிரம்மைத் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த எபிசோடில் அறையைப் பற்றியே பேசலாம்னு இருக்கோம். உங்கள் ஹாலின் நீள அகலத்தையும் ஒரு படத்தையும் அனுப்புங்க. மல்டிமீட்டர் எண் கிடைச்சவங்க அதையும் சேர்த்து அனுப்புங்க.